டிரான்ஸ்பார்மருக்குக் கீழே

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் ஓடும் மின்கம்பிகள் பழையவையாக இருப்பதற்கு ஒரு காரணம், அங்கே மின்சாரம் மற்ற ஊர்களை முந்திக்கொண்டு வந்ததுதான். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியதும் அந்த மின்சாரம் முதலில் இறங்கிய சமவெளி கோயம்புத்தூர். 1937-ல் மேட்டூரும் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் கோவையிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். பஞ்சாலைக்கென்று வந்த மின்சாரம் ஆலை வாசலில் நிற்கவில்லை. மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த கிணற்று மேடுகளுக்கும் அது போனது. சுதந்திரத்துக்குப் பின் பம்புசெட் இணைப்பில் நாட்டிலேயே முன்னால் நின்ற மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு, மாநிலத்துக்குள் முன்னால் நின்ற பகுதிகளில் ஒன்று கோவை. இன்று மாநிலத்தில் சுமார் 23 லட்சம் இலவச விவசாய இணைப்புகள் உள்ளன. முதலில் ஐந்தாறு கிணறுகளுக்கென்று இழுத்த கம்பியிலேயே அடுத்த தலைமுறையின் ஆழ்குழாய்க் கிணறும், விசைத்தறிக் கூடமும், தோட்டத்து வீட்டின் கிரைண்டரும் ஒவ்வொன்றாக வந்து தொங்கின.

இப்போது இந்த அமைப்பைப் புதுப்பிக்கப் பணம் வருகிறது. ஆர்.டி.எஸ்.எஸ். என்ற பெயரில் ஒன்றிய அரசு 2021-ல் ஒப்புதல் கொடுத்த மின்பகிர்மானத் திட்டத்தின் மொத்த மதிப்பு 3.03 லட்சம் கோடி ரூபாய். அதில் மானியம் 97,631 கோடி. கம்பியை மாற்றுவது, துணைமின் நிலையம் கட்டுவது, விவசாய ஃபீடரைத் தனியாகப் பிரிப்பது, மீட்டர் பொருத்துவது எல்லாம் இதில் அடக்கம். இவ்வளவு பெரிய செலவில் ஊர்க்காரர்களை யாரும் கேட்பதில்லை என்பது பரவலான புகார். அது பாதிதான் சரி என்று எனக்குப் படுகிறது. கேட்பதற்கான இடங்கள் சட்டத்தில் நிறையவே இருக்கின்றன. ஆனால் அவை மாநிலத் தலைநகரின் உயரத்தில் இருக்கின்றன, அல்லது மாவட்ட ஆட்சியர் அலுவலக உயரத்தில். பொறியாளருக்குத் தெரியாததும் ஊருக்குத் தெரிந்ததும் இருப்பது அதற்கெல்லாம் கீழே, டிரான்ஸ்பார்மருக்கும் கடைசிக் கம்பத்துக்கும் நடுவில்.

காகிதத்தில் இல்லாத எச்.பி.

துணைமின் நிலையத்திலிருந்து 11 அல்லது 22 கிலோவோல்ட்டில் ஃபீடர் கிளம்புகிறது. ஊரோரத்தில் இரட்டைக் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மர் அதை 415 வோல்ட்டாக இறக்குகிறது. அதன்பின் தாழ்வழுத்தக் கம்பி வரப்போரமாகவும் வேலியோரமாகவும் ஒன்றிரண்டு கிலோமீட்டர்கூட ஓடுகிறது. பொறியாளரின் பதிவேடு டிரான்ஸ்பார்மர் வரை ஏறக்குறைய நம்பகமானது. ஃபீடரில் மீட்டர் இருக்கிறது, எத்தனை ஆம்பியர் போகிறது என்று துணைமின் நிலையத்தில் மணிக்கணக்கில் எழுதி வைக்கிறார்கள். டிரான்ஸ்பார்மரைத் தாண்டினால் எல்லாமே அனுமானம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றில் 5 எச்.பி. வீதம் பத்து இணைப்புகள் இருப்பதாகப் பதிவேடு சொல்கிறது. 50 எச்.பி. என்றால் தண்டு முனையில் 37 கிலோவாட். மோட்டாரின் திறனை 75 விழுக்காடு என்றும் மின்திறன் காரணியை 0.8 என்றும் வைத்தால் டிரான்ஸ்பார்மர் கொடுக்க வேண்டியது 62 கே.வி.ஏ. காகிதத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. நிலத்தடியில் நடந்தது அந்தக் காகிதத்தில் ஏறவில்லை. கிணறு வற்றி போர் போட்டார்கள். 300 அடி 600 ஆயிற்று, பல இடங்களில் 1,000 அடியையும் தாண்டிவிட்டது. அந்த ஆழத்திலிருந்து தண்ணீரை மேலே தள்ள 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டாரால் முடியாது. ஏழரையோ பத்தோ இறங்குகிறது. சர்வீஸ் எண் மாறுவதில்லை, அட்டையில் எழுதிய எச்.பி.யும் மாறுவதில்லை. பத்தில் பாதிப்பேர் இப்படி மாற்றியிருந்தாலே டிரான்ஸ்பார்மர் தாங்காது. எல்லோரும் பத்துக்கு மாற்றியிருந்தால் சுமை இரட்டிப்பு.

இதோடு ஆட்டோ ஸ்டார்ட்டரும் சேர்கிறது. மும்முனை மின்சாரம் பகலில் இத்தனை மணி நேரம், இரவில் இத்தனை மணி நேரம் என்று முறை வைத்து வந்த காலத்தில், நடுராத்திரியில் எழுந்து போய் சுவிட்ச் போட முடியாமல் விவசாயிகள் கண்டுகொண்ட வழி அது. கரண்டு வந்த நொடியில் மோட்டார் தானே ஓடும். ஒருவருக்கு அது வசதி. பத்துப்பேரும் வைத்திருந்தால் பத்து மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பும். மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு. ஃபியூஸ் போகிறது. அடிக்கடி போகிற ஃபியூஸுக்குப் பதிலாக யாரோ தடித்த கம்பியை வைத்துக் கட்டுகிறார்கள். பிறகு ஒருநாள் போவது டிரான்ஸ்பார்மர். இருமுனை மட்டும் வரும் நேரத்தில் கன்டென்சர் போட்டு மூன்றாவது முனையை வரவழைத்து மோட்டார் ஓட்டுவது தனிக்கதை. அதன் விலையைப் பக்கத்து வீட்டு டியூப் லைட் கொடுக்கிறது.

கடைக்கோடித் தோட்டத்தில் 415 இருக்க வேண்டிய இடத்தில் அழுத்தம் வெகுவாகச் சரிகிறது. அழுத்தம் குறைந்தால் மோட்டார் அதே வேலையைச் செய்ய அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது, சூடாகிறது, காயில் கருகுகிறது. கொங்குப் பகுதிச் சிற்றூர்களில் மோட்டார் காயில் கட்டும் கடைகள் இவ்வளவு இருப்பதற்கு அந்த ஊர்களின் தொழில்திறமை மட்டும் காரணமில்லை. இலவச மின்சாரம் வாங்கும் விவசாயி காயில் கடையில் கொடுக்கும் பணத்தை எந்த மானியக் கணக்கும் கழித்துப் பார்ப்பதில்லை.

பொறியியல் இதற்கு வைத்திருக்கும் மருந்து தெளிவானது. நீளமான தாழ்வழுத்தக் கம்பியைச் சுருக்கு, 11 கிலோவோல்ட்டைக் கிணறு வரை கொண்டு போ, 16 அல்லது 25 கே.வி.ஏ. சிறு டிரான்ஸ்பார்மர் வைத்து இரண்டு மூன்று மோட்டார்களுக்கு மட்டும் கொடு. உயரழுத்தப் பகிர்மானம் என்பது இதுதான். ஒரே அளவு மின்சாரத்தை 415-க்குப் பதில் 11,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 26-ல் ஒரு பங்காகக் குறையும். கம்பியில் வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அதே கம்பியில் இழப்பு ஏறக்குறைய 700-ல் ஒரு பங்கு. அணில், மரநாய், முயல் என்று விலங்குப் பெயர் சூட்டப்பட்ட அந்த அலுமினியக் கம்பிகளில் அணிலைக் கழற்றி முயலை மாட்டினாலே ஓரளவு பலன் கிடைக்கும். ஆனால் எந்த இடத்தில் 16, எந்த இடத்தில் 25 என்று தீர்மானிக்க உண்மையான எச்.பி. தெரிய வேண்டும். அட்டையில் இருக்கும் எச்.பி.யை நம்பி வடிவமைத்தால் புது டிரான்ஸ்பார்மர் முதல் நாளே சுமை மிஞ்சி நிற்கும். அந்த எண் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வயர்மேனுக்கும் தெரியும். எஸ்டிமேட் போடும் தாளில் மட்டும் அது வராது.

வராததற்குக் காரணம் பயம். அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது.

காசுக் கணக்கும் கசப்பும்

1970 ஜூன் மாதம், யூனிட்டுக்கு ஓரிரு காசு கட்டண உயர்வை எதிர்த்துக் கிளம்பிய போராட்டத்தில் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரச் சாலைகளை அடைத்தார்கள். தமிழகத்து விவசாயிகள் இயக்கம் அரசியல் கட்சிகளுக்கு வெளியே தனிச் சக்தியாக எழுந்தது மின்கட்டணத்தை முன்னிட்டுத்தான். 1984-ல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் அமைந்த அடுத்த ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் அது விரிந்தது. கொங்கு நாட்டில் இலவச மின்சாரம் என்றால் சலுகை என்று யாரும் பேசுவதில்லை. ரத்தம் சிந்தி வாங்கியது என்பார்கள்.

மீட்டர் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஊர் சிலிர்த்துக்கொள்வது இதனால்தான். இணைப்பில் மீட்டர் இல்லாததால் விவசாய நுகர்வு எவ்வளவு என்பது கணிப்பாகவே இருக்கிறது. கணிப்பு ஏறினால் இழப்பு இறங்கும், கணிப்பு இறங்கினால் இழப்பு ஏறும். எது உண்மை என்று ஒழுங்குமுறை ஆணையத்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அளந்து பார் என்று பொருளியலாளர்கள் சொல்வதில் தவறில்லை. ஆனால் 2020-ல் மின்சாரத் திருத்த மசோதா, மானியத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடலாம் என்று பேசியபோது, முதலில் மீட்டர், பிறகு பில், பிறகு எப்போதாவது வரும் மானியம் என்று ஊர் அதைப் படித்துக்கொண்டது. எரிவாயு உருளை மானியம் என்ன ஆயிற்று என்று பார்த்தவர்களிடம் அது வெறும் சந்தேகம் என்று வாதிட முடியாது. இன்றைய திட்டத்தின் முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர் ஏற்பாட்டில் விவசாய இணைப்புகள் சேரவில்லை என்ற தகவல்கூட ஊருக்குள் சரியாகப் போய்ச் சேரவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் நோட்டுப் புத்தகத்தோடு ஓர் உதவிப் பொறியாளர் வந்து, உங்கள் மோட்டார் எத்தனை எச்.பி. என்று கேட்டால் அட்டையில் இருக்கும் பதிலே கிடைக்கும்.

சட்டம் போட்டு வைத்திருக்கும் நாற்காலிகள்

அரசமைப்புச் சட்டத்தின் பதினொன்றாம் அட்டவணையில் ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 29 பொருள்கள் உள்ளன. பதினான்காவது பொருள், மின் பகிர்மானம் உள்ளிட்ட கிராம மின்மயம். இது எழுதப்பட்டு முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. நடைமுறையில் ஊராட்சிக்கு மின்சாரத்தோடு இருக்கும் உறவு தெருவிளக்கு பில்லும் குடிநீர் மோட்டார் பில்லும். ஊராட்சி ஒரு வாடிக்கையாளர், அதுவும் அடிக்கடி பாக்கி வைக்கும் வாடிக்கையாளர். 2003 மின்சாரச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, கிராமப் பகிர்மானத்தை ஊராட்சி, பயனாளர் சங்கம், கூட்டுறவுச் சங்கம் வழியாக நடத்தத் தேசியக் கொள்கை வகுக்கச் சொல்கிறது. 166(5) பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்திலும் மின்விநியோகத்தின் தரத்தையும் நுகர்வோர் திருப்தியையும் பரிசீலிக்க ஒரு குழு வேண்டும் என்கிறது. 2021-ல் ஒன்றிய மின்துறை இந்தக் குழுவுக்கு உருவம் கொடுத்தது. மாவட்டத்தின் மூத்த நாடாளுமன்ற உறுப்பினர் தலைவர், ஆட்சியர் உறுப்பினர் செயலர், மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம். ஒரு தோட்டத்து டிரான்ஸ்பார்மரின் கதையைச் சொல்லிக்கொள்ள அந்த மேசை ரொம்ப உயரம்.

கட்டணம் மாறும்போது 64-ஆம் பிரிவின்படி பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். 2022-ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னையில் கூட்டம் நடத்தியது. கோவைக் கூட்டங்களில் தொழில் அமைப்புகளும் விசைத்தறிச் சங்கங்களும் விவரத்தோடு பேசக்கூடியவை. மூன்று நிமிட மைக்கில் பேசப்படுவது காசைப் பற்றி. கம்பியைப் பற்றிப் பேச அங்கே நேரமும் இல்லை, அதைக் கேட்பவர்களுக்கு அது வேலையும் இல்லை. முதலீட்டுத் திட்டங்களையும் ஆணையம் பரிசீலிக்கிறது. ஆனால் பல நூறு பக்க ஆங்கில மனுவைப் புரட்டித் தன் ஃபீடரைத் தேடிக் கண்டுபிடிக்கும் விவசாயி எங்கே இருக்கிறார்?

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் இப்போது. அவற்றில் குறைந்த மின்னழுத்தம் பற்றித் தீர்மானம் போடாத ஊர் அபூர்வம். தீர்மானம் ஈ.பி. ஆபீசுக்குப் போகிறது. 1957-ல் வாரியம், 2010-ல் கழகம், 2024-ல் மறுபடியும் பிரிப்பு என்று பலகை எத்தனை முறை மாறினாலும் ஊருக்கு அது ஈ.பி.தான். ‘மின்னழுத்தம் குறைவாக உள்ளதால் நடவடிக்கை எடுக்க’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளராலும் எஸ்டிமேட் போட முடியாது. இதில் ஊரின் பக்கமும் குறை உண்டு. எந்தக் கம்பத்தில், எந்த நேரத்தில், எத்தனை வோல்ட் என்று எழுதினால் அந்தத் தாளை அலட்சியப்படுத்துவது கடினம். புனேயின் பிரயாஸ் அமைப்பு இதற்காகவே 2007 வாக்கில் ஒரு சின்னக் கருவியை வீட்டு பிளக்கில் செருகி, நிமிடத்துக்கு நிமிடம் மின்னழுத்தத்தைப் பதிவு செய்து பொதுவில் வைத்தது. தமிழ்நாட்டில் சென்னையின் ‘கேக்’ (CAG) நுகர்வோர் அமைப்பு அதில் கைகோத்தது. கருவியின் விலையைவிட அது உண்டாக்கும் மாற்றம் பெரிது. புகார் என்பது பதிவாகிவிடுகிறது.

கோபுரத்தின் அடியில் ஒரு கூட்டம்

மக்கள் கருத்து என்றதும் மேற்கு மாவட்டங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது உயர்மின் கோபுரம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை, 6,000 மெகாவாட். 2018-லும் 2019-லும் இதையும் இதனோடு வந்த மற்றப் பாதைகளையும் எதிர்த்து ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கத்து விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். சாலையோரமாகக் கேபிளாகப் புதைத்துக் கொண்டு போங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. நடைமுறைக்கு ஒவ்வாது என்று பதில் வந்தது. அதே புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட் பாதை தமிழ்நாட்டுக்குள் கோபுரங்களில் வந்து, கேரளத்துக்குள் ஒரு பகுதி சாலையோரமாக மண்ணுக்குள் புதைந்து போகிறது. 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட்டைப் புதைப்பதும் 320-ல் 2,000-ஐப் புதைப்பதும் ஒன்றல்ல என்ற பொறியாளர் வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அந்த வாதத்தை உட்கார்ந்து விளக்கும் கூட்டம் அளவுக்கல் நடுவதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டும்.

சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. 2003 சட்டத்தின் 164-ஆம் பிரிவு, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை மின்பாதை போடுபவருக்குக் கொடுக்க வழி செய்கிறது. நில உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை. இழப்பீடு போதாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடு, கம்பிக்குக் கீழே வரும் பட்டைக்கு அதிகபட்சம் 15 என்று 2015 வழிகாட்டுதல் சொன்னது. 2024-ல் அவை 200, 30 என்று உயர்ந்தன. இந்த உயர்வில் போராட்டங்களுக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இது விலைப்பேச்சு, திட்டத்தில் பங்கு என்று இதைச் சொல்ல முடியாது. கோபுரத்தில் பட்ட காயம் சின்னக் கம்பத்திலும் வெளிப்படுகிறது. புது ஃபீடருக்கு வரப்போரமாக ஒரு கம்பம் நட வந்தாலும், என் வரப்பில் வேண்டாம், அவன் வரப்பில் நடு என்ற பேச்சு உடனே கிளம்புகிறது. பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்பில் மட்டை கம்பியில் விழாமல் இருக்க எந்த மரத்தை வெட்டுவது என்பதில் ஒரு வேலை மாதக்கணக்கில் நிற்கும்.

மற்ற இடங்களில் நடந்தவை

ஊரே கம்பிக்குச் சொந்தக்காரனாக இருந்தால் என்ன என்ற கேள்வியை இந்தியா 1969-லேயே கேட்டுப் பார்த்தது. கிராம மின்மயக் கழகம் தொடங்கியபோது, அமெரிக்கக் கிராம மின் கூட்டுறவுகளின் முன்மாதிரியில் ஐந்து கூட்டுறவுகள் அமைந்தன. தெலங்கானாவின் சிரிசில்லா, கர்நாடகத்தின் ஹுக்கேரி, குஜராத்தின் கோடிநார், மகாராஷ்டிரத்தின் முலா பிரவரா, உத்தரப் பிரதேசத்தின் லக்னோ. இன்றும் நிலைத்திருப்பவை சிரிசில்லாவும் ஹுக்கேரியும். சிரிசில்லாவும் விசைத்தறி ஊர் என்பது கொங்குக்காரர்களுக்கு ஆர்வமூட்டலாம். அங்கே உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கட்சிகள் சட்டமன்றத் தேர்தல்போல் அதில் இறங்குகின்றன. முலா பிரவரா மாநில நிறுவனத்துக்கு வைத்த பாக்கி மலையாகக் குவிந்து, 2011-ல் விநியோகம் கைமாறியது. மலிவாக வாங்கி இலவசமாகக் கொடுக்க வேண்டிய நிலையில் கூட்டுறவு நிற்குமா நிற்காதா என்பதை மாநில அரசின் மானியத் தேதியே தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது இதைத் தொடங்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியைப் பலர் உதாரணம் காட்டுகிறார்கள். 2006-ல் ஊராட்சி தன் பேரில் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது, மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. ஓர் ஊராட்சி வங்கிக் கடன் வாங்கி இதைச் செய்து காட்டியது பெரிய காரியம். ஆனால் காற்றாலை சுழல்வது உடுமலைப் பக்கம் மைவாடியில். ஓடந்துறையின் கம்பியும் கம்பமும் அப்படியேதான் இருந்தன. உற்பத்தியில் பங்கு கிடைத்தால் பகிர்மானத்தில் குரல் கிடைத்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு இதில் ஆதாரமில்லை.

குஜராத்தின் ஜோதிகிராம் வேறு வகை. 2003-லிருந்து 2006-க்குள் ஏறக்குறைய 18,000 கிராமங்களில் விவசாய ஃபீடரையும் வீட்டு ஃபீடரையும் பிரித்தார்கள். வீடுகளுக்கு 24 மணி நேரம், பம்புக்கு அட்டவணை போட்டு 8 மணி நேரம், நல்ல அழுத்தத்தில். இதை ஆராய்ந்த துஷார் ஷா, இல்லத்தரசிகளும் மாணவர்களும் சிறு பட்டறைகளும் பயனடைந்தார்கள் என்றும், அடுத்தவர் கிணற்றில் தண்ணீர் வாங்கிப் பயிர் செய்த குத்தகைக்காரர்களும் நிலமற்றவர்களும் நொந்தார்கள் என்றும் எழுதினார். மேலிருந்து வந்த திட்டம் என்பதால் அந்த இரண்டாவது கூட்டத்தின் குரல் பின்னால்தான் கேட்டது.

குஜராத் வரைபடத்தை அப்படியே கொங்கில் விரிக்க முடியாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அங்கே கிராமம் என்றால் வீடுகள் ஒரு கூட்டமாக, சுற்றிலும் வயல். கொங்கில் விவசாயி குடியிருப்பது தோட்டத்திலேயே. கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் சாளை, மாட்டுத் தொழுவம், வீடு. பிள்ளைகள் படிப்பது அங்கே, விசைத்தறி இரண்டு ஓடுவதும் சில இடங்களில் அங்கேதான். விவசாய ஃபீடரைப் பிரித்து மணிக்கணக்கு வைத்தால் இந்த வீடுகள் எந்தப் பக்கம்? ஒவ்வொரு தோட்டத்துக்கும் வீட்டு ஃபீடரை இழுத்தால் செலவு எகிறும், இழுக்காவிட்டால் பாதி ஊர் இருளில். ஒற்றைமுனைச் சிறு டிரான்ஸ்பார்மர் போன்ற இடைவழிகள் உண்டு. எந்தத் தோட்டத்தில் குடியிருக்கிறார்கள், எதில் காவல் குடிசை மட்டும், எது பூட்டிக் கிடக்கிறது என்பது செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. பால் ஊற்றுகிறவரைக் கேட்டால் தெரியும்.

குஜராத்திலேயே கேடா மாவட்டத்துத் துண்டி கிராமத்தில் 2016-ல் ஆறு விவசாயிகள் சேர்ந்து சூரியப் பம்புக் கூட்டுறவு தொடங்கி, மிச்ச மின்சாரத்தை யூனிட் 4.63 ரூபாய்க்கு மின் நிறுவனத்துக்கு விற்றார்கள். தண்ணீரை வீணாக இறைப்பதைவிட விற்பது லாபம் என்று ஆனதும் மோட்டாரை நிறுத்தும் ஆசை தானே வந்தது. இங்கே மீட்டர் விவசாயிக்குப் பணம் எண்ணித் தரும் கருவியாகிவிடுகிறது. நிலத்தடி நீர் இவ்வளவு கீழே போய்விட்ட கொங்குக்கு இந்தப் பாடம் காற்றாலைப் பாடத்தைவிடப் பொருந்தும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒரு தீவின் ஏற்பாடு. ஸ்காட்லாந்தின் எயிக் தீவில் நூறு பேர் அளவில் வாழ்கிறார்கள். 2008-ல் காற்று, நீர், சூரியன் மூன்றையும் கலந்து தங்கள் சொந்த மின்வலையை நிறுவினார்கள். வீட்டுக்கு 5 கிலோவாட், கடைக்கும் தொழிலுக்கும் 10 கிலோவாட். அதற்கு மேல் ஒரே நேரத்தில் இழுக்கக் கூடாது என்று தாங்களே உச்சவரம்பு வைத்துக்கொண்டார்கள். சுமையைக் கட்டுப்படுத்தும் முடிவை ஊரே எடுத்ததால் எந்திரம் சிறிதாக இருந்தால் போதும் என்றாயிற்று.

பத்து மோட்டார்க்காரர்கள்

தோட்டத்து டிரான்ஸ்பார்மர் ஒன்றின் கீழ் இருக்கும் பத்துப் பதினைந்து பேர் எயிக் தீவுக்காரர்களைப்போல் தங்கள் சுமைக்குத் தாங்களே வரம்பு வைத்துக்கொள்ள முடியாதா? ஆட்டோ ஸ்டார்ட்டரை விட்டு, இன்ன நேரம் இவர் இவர் என்று முறை வைத்துக்கொண்டால் புது டிரான்ஸ்பார்மரே தேவைப்படாத இடங்கள் இருக்கும். முறை வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நாலு மண்டலம் பிரித்து, தன் மண்டலத்துக்குத் தண்ணீர் வரும் காலம் வரை காத்திருந்து பழகியவர்கள் இதே விவசாயிகள். விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் 2000-ல் வந்த பின் பாசன சங்கத்துக்குத் தேர்தல் நடந்து, வாய்க்காலுக்கு இன்னார் பொறுப்பு என்று எழுதப்பட்ட ஊர்கள் இவை. பழுதான டிரான்ஸ்பார்மரை ஏற்றிச் செல்ல வண்டி வாடகையைப் பிரித்துக் கொடுக்கும்போது அந்தப் பத்துப்பேரும் ஏற்கெனவே ஒரு சங்கம்தான், பதிவு மட்டும் இல்லை.

அவர்கள் வாய் திறக்க இரண்டு உறுதிகள் வேண்டும். ஒன்று, உண்மையான எச்.பி.யைச் சொன்னால் அபராதம் இல்லை, சொன்ன அளவு இலவசத்துக்குள்ளேயே பதிவாகும். இதனால் அரசின் மானியக் கணக்கு காகிதத்தில் ஏறும். நிஜத்தில் அந்த மின்சாரம் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறது, இழப்பு என்ற பெயரில். இரண்டு, மீட்டர் மோட்டாரில் வராது, டிரான்ஸ்பார்மரில் வரும். பத்துப்பேருக்கும் சேர்த்து ஓர் அளவு தெரிந்தால் வாரியத்தின் கணக்குக்கு அது போதும். தனி ஆளின் பில் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. சுமை குறைந்த குழுவுக்கு முதலில் கம்பி மாற்றித் தருவது, துண்டியைப்போல் மிச்சத்துக்குப் பணம் தருவது எல்லாம் இந்த அளவு கையில் வந்தபின் யோசிக்கக்கூடியவை.

சுமையை மறைத்தவருக்கு மன்னிப்பு என்றால் நேர்மையாக 5 எச்.பி.யிலேயே ஓட்டியவருக்கு என்ன மரியாதை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவருடைய காயிலும் அடுத்தவர் சுமையால்தான் கருகுகிறது என்பதுதான் என்னிடம் இருக்கும் பதில்.

யார் அந்தக் குழு என்பதில்தான் தகராறு வரும். பாசன சங்கத்தின் வாக்காளர் பட்டியல் நிலம் உள்ளவர்களின் பட்டியல். அதையே நகலெடுத்தால் டிரான்ஸ்பார்மர் குழுவும் மோட்டார் வைத்திருக்கும் ஆண்களின் கூட்டமாகிவிடும். கம்பியின் கடைசிக் கம்பம் பல ஊர்களில் காலனியில் நிற்கிறது, அங்கே பம்புசெட் கிடையாது, அழுத்தம் முதலில் சரிவதும் அங்கேதான். ஆகவே உறுப்பினர் கணக்கு பட்டா எண்ணில் போகாமல் மின் இணைப்பு எண்ணில் போக வேண்டும், மோட்டாரோ ஒற்றை விளக்கோ, இணைப்புக்கு ஒரு குரல். கூட்டம் நடக்க வேண்டிய நேரம் எஸ்டிமேட்டில் கையெழுத்து விழுவதற்கு முன். அழைப்பவர் அந்தப் பிரிவின் உதவிப் பொறியாளர், கூட வருபவர் வயர்மேன், பதிவேடு வைப்பது ஊராட்சிச் செயலர். எந்தக் கம்பம் எங்கே வருகிறது, எந்த மரம் போகிறது, எந்தக் கிணறு எந்தச் சிறு டிரான்ஸ்பார்மரில் சேர்கிறது என்று தமிழில் வரைந்த படம் ஒன்று பதினைந்து நாளாவது ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். திருத்தம் சொன்னவருக்கு, ஏற்றோம் அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் போக வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, பகிர்மானக் கழகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.